ஐரோப்பிய காமிக்ஸை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்குவது எப்படி?

லக்கி லுக், கேப்டன் டைகர், இரத்தப் படலம் என்று சிவகாசியிலிருந்து வரும் தமிழ் காமிக்ஸ் பதிப்புகளோடு வளர்ந்தவர்களுக்கு ஐரோப்பிய காமிக்ஸ் ஒன்றும் புதிதில்லை. ஆனால் தமிழில் வராதது மலையளவு இருக்கிறது. ஆங்கிலப் பதிப்புகள் பக்கம் போனால் எதை முதலில் எடுப்பது, 1 என்று எண் போட்டிருப்பது உண்மையிலேயே முதல் கதைதானா என்று குழப்பம் தொடங்கிவிடும். அந்தக் குழப்பத்துக்குத்தான் இந்தப் பதிவு. வசன பலூன்களை எந்த வரிசையில் வாசிப்பது என்ற அரிச்சுவடிக்குள் போகப் போவதில்லை. இத்தாலியும் ஸ்பெயினும் தனி உலகங்கள், அவற்றையும் தொடவில்லை. பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்கள், அதாவது பெரிய அளவில் வரும் காமிக்ஸ் புத்தகங்கள், மட்டும்தான்.

படி 1: முதல் புத்தகம்

இளம் நிருபர் டின்டினின் சாகசத் தொடரில் தொடங்குங்கள், ஆனால் டின்டினின் தொடக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். 1929 ஜனவரி 10 அன்று பிரஸ்ஸல்ஸில் ஒரு நாளிதழின் சிறுவர் இணைப்பில் ஹெர்ஜே இந்தத் தொடரை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 21. முதல் இரண்டு கதைகள் வரலாற்று ஆர்வலர்களுக்கானவை. காங்கோ கதையின் காலனியப் பார்வையை இன்று வாசிப்பது சங்கடம். என் சிபாரிசு 'தி கால்குலஸ் அஃபேர்'. 1956இல் ஆல்பமாக வந்தது. அதில் வரும் ஜெனீவாவின் கார்னவின் ஹோட்டல் நிஜமாகவே அங்கே இருக்கிறது. முன்கதை எதுவும் தெரியாமலே ரசிக்கலாம்.

சிரிக்க வேண்டுமென்றால் லக்கி லுக் அல்லது ஆஸ்டெரிக்ஸ். 'எனக்குச் சிறுவர் கதை வேண்டாம்' என்பவர்கள் நேராக பிரெஞ்சு ஓவியர் ஜாக் டார்டியிடம் போகலாம். அவரைப் பற்றிக் கீழே.

படி 2: அட்டையில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம்

நிறையப் பேர் இடறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிரெஞ்சு, பெல்ஜியத் தொடர்களில் பலவற்றை ஆங்கிலத்தில் கொண்டுவருவது சினிபுக், 2005இல் இங்கிலாந்தின் கான்டர்பரியில் தொடங்கிய பதிப்பகம். இவர்களின் எண் வரிசை வேறு, மூலத்தின் வரிசை வேறு. காரணத்தை ஊகிக்கலாம்: புது வாசகரைப் பிடிக்க, தொடரின் பலமான கதையை முன்னால் வைக்கிறார்கள்.

எட்கர் பி. ஜேக்கப்ஸின் பிளேக் அண்ட் மார்ட்டிமர் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். சினிபுக்கில் முதல் புத்தகம் 'தி யெல்லோ எம்', லண்டனில் நடக்கும் கதை. ஆனால் நாயகர்கள் இருவரும் வில்லன் ஆல்ரிக்கும் முதலில் அறிமுகமாவது 'சீக்ரெட் ஆஃப் தி ஸ்வார்ட்ஃபிஷ்' கதையில். 1946 செப்டம்பரில் டின்டின் வார இதழ் பிறந்தபோது அதன் முதல் இதழிலேயே அது தொடங்கிவிட்டது. சினிபுக்கில் அதன் மூன்று பாகங்களும் 15, 16, 17 ஆகிய எண்களில் கிடக்கின்றன! நல்லவேளை, 'யெல்லோ எம்'மைத் தனியாகவே வாசிக்கலாம். ஸ்வார்ட்ஃபிஷ் பிறகு வரட்டும்.

வைக்கிங் சாகசத் தொடரான தோர்கல் இன்னும் வேடிக்கை. சினிபுக் 1 என்பது மூலத்தின் 7ஆம் ஆல்பமும் 14ஆம் ஆல்பமும் சேர்ந்தது. இரண்டும் பாத்திரங்களின் சிறுவயதுக் கதைகள் என்பதால் அப்படி முன்னால் நகர்த்தியதில் ஒரு நியாயம் இருக்கிறது. உண்மையான முதல் ஆல்பமோ பின்னாளில் 0 என்ற எண்ணோடு வந்தது. 1இல் தொடங்கி வரிசையாகப் போங்கள், 0 காத்திருக்கட்டும். அதன் ஓவியர் ரொசின்ஸ்கியின் கை நன்றாகத் தேறிய பிறகு வரைந்த பக்கங்களில் நுழைவதுதான் சுகம்.

லக்கி லுக்குக்கு இந்தத் தலைவலியே இல்லை, எதையும் எப்போதும் எடுக்கலாம். அட்டையில் ஓவியர் மோரிஸோடு கதாசிரியர் கோசினி பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 1955 முதல் 1977இல் இறக்கும்வரை அவர் எழுதியவைதான் என்னைப் பொறுத்தவரை லக்கி லுக்.

சரி, மற்ற தொடர்களுக்கு எப்படிக் கண்டுபிடிப்பது? பதிப்புரிமைப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூலத் தலைப்பும் ஆண்டும் இருக்கும். அந்தத் தலைப்பை பெடெதெக் என்ற பிரெஞ்சுத் தளத்தில் போட்டுத் தேடுங்கள். பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை, அட்டைப்படத்தையும் எண்ணையும் பார்த்தால் போதும். அந்த எண்ணைப் பென்சிலால் உள்ளட்டையில் எழுதிவிடுவது என் பழக்கம்.

படி 3: அளவு

பிரெஞ்சு ஆல்பம் என்பது சுமார் 24க்கு 32 சென்டிமீட்டர், பெரும்பாலும் 48 பக்கம். அந்த அளவுக்கென்றே வரைந்த பக்கத்தைச் சுருக்கினால் முதலில் அடிபடுவது எழுத்து, அடுத்தது பின்னணி. மூன்று டின்டின் கதைகளை ஒரே கட்டில் அடைத்த குட்டி ஹார்ட்கவர்கள் அலமாரியில் அழகாகத்தான் இருக்கும். வாங்காதீர்கள். அதே பணத்துக்குப் பெரிய அளவில் ஒரே ஒரு கதை கிடைத்தாலும் அதுவே லாபம். சினிபுக்கின் அளவும் மூலத்தைவிடச் சிறியதுதான், ஆனால் கண்ணை இடுக்காமல் வாசிக்க முடிகிறது.

டேப்லெட் என்றால் குறைந்தது 10 அங்குலம். ஒவ்வொரு பேனலாக (படக்கட்டமாக) பெரிதாக்கிக் காட்டும் வசதியை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 4: பக்கத்தை வாசிப்பது

அமெரிக்க காமிக்ஸ் பழகிய கை இந்தப் பக்கங்களைச் சரசரவென்று புரட்டிவிடும். அப்புறம் 'என்ன, இவ்வளவுதானா?' என்று தோன்றும். இந்தக் கதைகளில் பல வார இதழில் ஒன்றிரண்டு பக்கங்களாகத் தொடராக வந்தவை. அடுத்த வாரமும் வாசகன் இதழை வாங்க வேண்டும். அதனால்தான் ஹெர்ஜேயின் பக்கங்களில் வலது கீழ் மூலையில் அடிக்கடி ஒரு கதவு திறக்கும், யாரோ எதையோ பார்த்துத் திடுக்கிடுவார்கள். பக்கம்தான் இங்கே கதையின் அலகு. பேனல் பேனலாகப் பிரித்துக் காட்டினால் அந்தக் கட்டுமானமே போய்விடும்.

நான் வாசிக்கும் விதம் இது. முதலில் எழுத்தைத் தொடாமல் பக்கம் முழுவதையும் ஒரு பார்வை. எந்தப் பேனல் பெரிது, எங்கே இருட்டு, எங்கே வெறுமை. பிறகு வசனம். புரட்டுவதற்கு முன் படங்களை மட்டும் இன்னொரு முறை. இரண்டாம் சுற்றில்தான் பின்னணி கண்ணில் படும். ஹெர்ஜேயின் மனிதர்கள் எளிய கோடுகள், மூக்கு ஒரு வளைவு, கண் ஒரு புள்ளி. ஆனால் அவர்கள் ஏறும் காரும் விமானமும் துல்லியமானவை. ஒரே சீரான கோடு, நிழல்கோடுகள் இல்லை, தட்டையான வண்ணம். இந்தப் பாணிக்கு 'தெளிவான கோடு' என்ற பெயரை 1977இல் கொடுத்தவர் டச்சு ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்.

ஜேக்கப்ஸுக்கு மட்டும் விதிவிலக்கு. பேனலுக்கு மேலே உள்ள பெட்டியில், கீழே நாம் பார்ப்பதையே இன்னொரு முறை எழுதியிருப்பார். முதல் சுற்றில் பெட்டிகளைத் தாண்டிவிடுங்கள். ரசிகர்கள் அடிக்க வரலாம், பரவாயில்லை.

இது பழகியதும் டார்டியின் 'இட் வாஸ் தி வார் ஆஃப் தி டிரென்ச்சஸ்' எடுங்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள், கறுப்பு வெள்ளை. மூலம் 1993, கிம் தாம்ப்சனின் ஆங்கிலத்தில் 2010இல் ஃபேன்டாக்ராஃபிக்ஸ் வெளியிட்டது. பெரும்பாலான பக்கங்களில் மூன்றே மூன்று அகலமான பேனல்கள். சாகசம் இல்லை, நாயகன் இல்லை. ஒரே அமர்வில் முடிக்க வேண்டாம்.

படி 5: மொழிபெயர்ப்பாளர் பெயர்

ஆஸ்டெரிக்ஸ் என்றால் ஆந்தியா பெல், டெரெக் ஹாக்ரிட்ஜ் இருவரும் மொழிபெயர்த்த பழைய பிரிட்டிஷ் பதிப்பை எடுங்கள். 2020 முதல் அமெரிக்காவில் புது மொழிபெயர்ப்பும் வருகிறது. நான் பழையதன் கட்சி. டின்டினுக்கு லெஸ்லி லான்ஸ்டேல்-கூப்பர், மைக்கேல் டர்னர்.

ஒரு கொசுறு: 'தி பிளாக் ஐலண்ட்' ஸ்காட்லாந்தில் முடியும் கதை. ஆங்கிலத்தில் வெளியிடும்முன் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் அதில் 131 தவறுகளைப் பட்டியலிட்டு அனுப்பினார்கள். ஹெர்ஜேயின் உதவியாளர் பாப் டி மூர் பிரிட்டனுக்கே போய்ப் பார்த்து வர, 1966இல் ஆல்பம் முழுவதும் மறுபடி வரையப்பட்டது. பழைய வடிவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், 4ஆம் படிக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

பின்சேர்க்கை: பின்னூட்டங்களில் வந்த இரண்டு சிக்கல்கள். லார்கோ வின்ச் ஆல்பத்தில் கதை பாதியில் நிற்கிறதே என்று கேட்டிருந்தார்கள். அந்தத் தொடரின் கதைகள் மூலத்தில் இரண்டு ஆல்பங்களாக ஓடுபவை, வாங்கும்முன் ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது, சினிபுக்கில் சில பேனல்கள் மூலத்திலிருந்து மாறியிருக்கின்றன என்று ஒருவர் சுட்டினார். உண்மைதான். தோர்கல், லார்கோ வின்ச் போன்றவற்றில் நிர்வாணம் வரும் சில இடங்களில் துணி வரைந்து சேர்த்திருக்கிறார்கள். கதைக்குச் சேதமில்லை. உறுத்தினால் பிரெஞ்சு ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம், படங்களுக்கு அகராதி தேவைப்படாது.