சுட்ட பிறகு வந்த சத்தம்

நாற்பது நிமிட கேம் பதிவு. வீடியோ எடிட்டரில் போட்டால் தொடக்கத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் எதிரி விழுந்த பிறகுதான் துப்பாக்கிச் சத்தமே கேட்டது! ஆடியோவை வெட்டி வெட்டி நகர்த்தியே ஒரு மாலை முழுக்க வீணானது. எப்போதும் ஒரே அளவு தாமதமாக இருந்தால் நகர்த்தினால் போதும். இது போகப் போகக் கூடியது. அப்புறம்தான் வீடியோ கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு, 'வேரியபிள்' (மாறிக்கொண்டே இருப்பது) என்று இருந்தது. கேம் திணறும்போதெல்லாம் பதிவில் ஃபிரேம்கள் குறைந்திருக்கின்றன. எடிட்டரோ நொடிக்கு 60 என்றே கணக்குப் போட்டிருக்கிறது; அதனால் படம் முந்திப்போய், சத்தம் பின்தங்கியது. வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஃபிரேம் ரேட்டை 60, 'கான்ஸ்டன்ட்' (மாறாதது) என்று வைத்து, படத்தின் தரத்தைக் குறிக்கும் ஆர்எஃப் அளவை 18 என வைத்து மாற்றினேன். கோப்பு கொஞ்சம் பெருத்தது, பரவாயில்லை. புதிய கோப்பை டைம்லைனில் போட்டதும் கடைசித் தோட்டா வரை சத்தம் கூடவே வந்தது.