குற்றக் கணக்கைப் படிப்பது எப்படி, அதன் செலவைப் போட்டுப் பார்ப்பது எப்படி

ஒவ்வொரு வருடமும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை வெளிவந்ததும், ஒரே அட்டவணையைக் காட்டி ஒருவர் தமிழ்நாடு அமைதிப் பூங்கா என்பார், இன்னொருவர் சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது என்பார். இருவர் கையிலும் இருப்பது சரியான எண்ணாகவே இருக்கும், அதுதான் சிக்கல். அந்த அறிக்கையை நீங்களே திறந்து படிக்கவும், ஒரு குற்றம் ஊருக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்று தோராயமாகக் கணக்குப் போடவும் என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன். உதாரணமெல்லாம் மதுரைப் பக்கம்தான், முறை எல்லா மாவட்டத்துக்கும் பொது.

முதலில், எண்ணப்படுவது எது என்று பாருங்கள். அறிக்கையில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். போடப்பட்ட குற்றங்கள் மட்டும். செல்போனைக் காணோம் என்று ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் கையில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான சீட்டு, அது இந்தக் கணக்கில் வராது. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறை என்ன என்பது ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். இன்னொரு விதியும் உண்டு. ஒரே எஃப்.ஐ.ஆரில் நாலு குற்றம் இருந்தாலும் அதில் கனமான ஒன்றை மட்டுமே எண்ணுவார்கள். வீடு புகுந்து ஆளைக் கொன்று நகையை அள்ளிக்கொண்டு போனால் கொலைக் கணக்கில் ஒன்று கூடும், கன்னக்களவுக் கணக்கில் எதுவும் கூடாது.

அடுத்தது விகிதம். வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்குங்கள், அவ்வளவுதான். 2022-இல் தமிழ்நாட்டில் 1,690 கொலை வழக்குகள், லட்சம் பேருக்கு 2.2. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குப் பெண்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள், ஆகவே அந்த விகிதத்தை மற்றதோடு நேராக ஒப்பிடாதீர்கள். வகுக்கும் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பை வைத்துக் கணித்த எண் என்பதையும் மனதில் வையுங்கள்.

மதுரைக்கு இந்த வகுத்தல் கொஞ்சம் தகராறு பிடித்தது. மாவட்ட அட்டவணையில் மதுரை மாநகரம் என்று ஒரு வரி, மதுரை என்று இன்னொரு வரி இருக்கும். முன்னது கமிஷனர் கையில், பின்னது மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் எல்லாம் சேர்ந்த எஸ்.பி. எல்லை. ஒன்றை மட்டும் எடுத்து, மாவட்டத்தின் 30 லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகையால் வகுத்தால் மதுரை ஒரே நாளில் புனித பூமியாகிவிடும். அதோடு, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகைக் கரையில் நிற்கும் லட்சக்கணக்கானோரில் நிறையப் பேர் வெளியூர். அங்கே பறிபோகும் செயின் மதுரைக் கணக்கில் மேலே ஏறும், பறிகொடுத்தவர் கீழே உள்ள மக்கள்தொகையில் இருக்க மாட்டார். கோயிலும் பெரிய பேருந்து நிலையமும் உள்ள ஊர் எல்லாவற்றுக்கும் இந்தக் கூடுதல் பாரம் உண்டு. பெருநகரங்களுக்கான தனி அட்டவணையில் மதுரையைத் தேட வேண்டாம். 20 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 19 நகரங்கள்தான் அதில் இருக்கின்றன, நம் மாநிலத்தில் சென்னையும் கோவையும் மட்டும்.

மொத்த எண்ணிக்கையை வைத்து மாநிலத்தை எடை போடுவது ஏன் ஆபத்து என்பதற்கு 2020 போதும். தமிழ்நாட்டில் இந்திய தண்டனைச் சட்ட வழக்குகள் 2019-இல் 1.68 லட்சம், 2020-இல் 8.91 லட்சம், 2022-இல் 1.93 லட்சம். 2020-இல் ஊரே கொள்ளைக்காரர்களாக மாறிவிடவில்லை, ஊரடங்கில் வெளியே வந்தவர்கள் மீது, அரசு உத்தரவை மீறியதற்கான 188-ஆவது பிரிவில் வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். மதுவிலக்கு, சூதாட்டம், குட்கா வழக்குகளும் இப்படித்தான். போலீஸ் முடுக்கிவிட்டால் கூடும், அசந்தால் குறையும், குற்றம் கூடியதா குறைந்ததா என்பதை அவை சொல்வதில்லை. குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் வழக்கு கூடுவதிலும் ஒரு பங்கு, முன்பு மூடி மறைத்ததை இப்போது மருத்துவமனையும் பள்ளியும் சொல்லியாக வேண்டும் என்பதால் வருவது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன, ஆகவே அதற்கு முன்னும் பின்னும் ஒப்பிடும்போது தலைப்பைப் பாருங்கள், பிரிவு எண்ணைப் பார்க்காதீர்கள்.

மாநிலங்களை ஒப்பிட வேண்டுமென்றால் நான் கொலையைத்தான் முதலில் பார்ப்பேன், பிணத்தை மறைப்பது புகாரை மறைப்பது போல எளிதல்ல. 2022-இல் கேரளாவின் தண்டனைச் சட்டக் குற்ற விகிதம் 661, உத்தரப் பிரதேசத்தில் 171 சொச்சம். இதைப் பார்த்துக் கேரளாவில் குடியிருப்பது நாலு மடங்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் கொலை விகிதத்தைக் காட்டுங்கள்: கேரளா 0.9, உத்தரப் பிரதேசம் 1.5. கேரளாவில் போய்ச் சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள் என்பதுதான் அந்த 661-இல் பெரும் பங்கு. சின்ன மாவட்டங்களில் மட்டும் கொலை எண்ணையும் நம்பி ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடாதீர்கள், 10 கொலை 15 ஆனாலே 50 சதவீத உயர்வு என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். ஐந்து வருடச் சராசரி எடுங்கள்.

சரி, செலவுக்கு வருவோம். இங்கேதான் எண்ணிக்கை வரிசையும் பண வரிசையும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகின்றன.

அண்ணா நகரில் மாலையில் நடந்து போகும் ஒரு அக்காவின் ஐந்து பவுன் செயினை பைக்கில் வந்தவன் பறிக்கிறான், அவர் விழுந்து தோள்பட்டை எலும்பு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். போலீஸ் கணக்கில் களவுபோன சொத்து ஐந்து பவுன். பொருளாதாரக்காரர்கள் அந்தத் தங்கத்தை ஊருக்கான இழப்பாக எண்ணத் தயங்குவார்கள், ஒருவர் கழுத்திலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதுதானே, தங்கம் அழியவில்லையே என்பார்கள். கேட்க எரிச்சலாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது, காரணம் அழிந்தவை வேறு இடத்தில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத நாட்கள், அடையாளம் காட்டவும் சாட்சி சொல்லவும் கோர்ட்டுக்கு அலைந்த நாட்கள், கூடவே போன கணவரின் சம்பளம், மீட்ட நகையை வாங்க வக்கீலுக்குக் கொடுத்தது. அப்புறம் அந்தத் தெருவில் மற்ற பெண்கள் நடைப்பயிற்சியை நிறுத்தியது, இரவு ஷிப்ட் வேலை வேண்டாம் என்று வீட்டில் சொன்னது. இந்தக் கடைசி வகைதான் பெரியது என்பது என் எண்ணம், அதற்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை. தெற்காவணி மூல வீதி நகைக்கடைகள் கேமராவுக்கும் வாட்ச்மேனுக்கும் இரும்புக் கதவுக்கும் செலவழிப்பதும் குற்றத்தின் செலவுதான், ஒரு திருட்டுகூட நடக்காத வருடத்திலும்.

ஆகவே உங்கள் தாளில் மூன்று பத்தி போடுங்கள்: குற்றம் நடக்கும் என்று பயந்து முன்கூட்டிச் செய்த செலவு, நடந்ததால் வந்த இழப்பு, அதன் பிறகு போலீஸ், கோர்ட், சிறைக்கு ஆன செலவு. மூன்றாவதில் ஒரு தப்பு பலரும் செய்வார்கள், காவல் துறையின் மொத்த நிதி ஒதுக்கீட்டை வழக்கு எண்ணிக்கையால் வகுத்து ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று எழுதிவிடுவார்கள். போலீஸ்காரர் திருவிழாவுக்கும் அமைச்சர் பாதுகாப்புக்கும்தான் பாதி நாள் நிற்கிறார், வழக்கு ஒன்று குறைந்தால் அவர் சம்பளம் குறையாது. இன்சூரன்ஸிலும் கவனம் வேண்டும், பிரீமியத்தையும் எழுதி இழப்பீட்டையும் எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகும்.

உயிருக்கு என்ன விலை போடுவது? இங்கிலாந்து உள்துறை 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் ஒரு கொலைக்கு 32 லட்சம் பவுண்டு என்று போட்டார்கள், அதை ரூபாயாக மாற்றி இங்கே ஒட்டாதீர்கள், அங்கே கூலியும் மருத்துவச் செலவும் வேறு. நமக்குக் கையருகே ஒரு வழி இருக்கிறது: விபத்து இழப்பீட்டு நீதிமன்றம் போடும் கணக்கு. 2009-இன் சரளா வர்மா தீர்ப்பும் 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பும் அதற்குச் சூத்திரம் கொடுத்திருக்கின்றன. 32 வயதுக் கொத்தனார், மாதம் 20,000 ரூபாய், அவரை நம்பி நாலு பேர் என்றால், வருடத்துக்கு 2.40 லட்சம், எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்து 3.36 லட்சம், அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்து 2.52 லட்சம், அந்த வயதுக்கான பெருக்கு எண் 16, வருவது 40.32 லட்சம். குடும்பத்தின் இழப்பு இது. ஊரின் உற்பத்தி இழப்பு வேண்டுமென்றால் கால் பங்கைக் கழிக்காமல் 53.76 லட்சம் என்று எடுங்கள். துக்கத்துக்கு இதில் விலை இல்லை.

இப்போது ஒரு பெருக்கல். 2022-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். தோராயமாக ஆளுக்கு 40 லட்சம் என்றால் 7,000 கோடியைத் தாண்டுகிறது. அதே பெருக்கல் 1,690 கொலைகளுக்கு 676 கோடி. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததும் குற்றம்தான், காப்பகத்தின் அதே அறிக்கையில்தான் பதிவாகிறது, ஆனால் ரிங் ரோட்டில் லாரி அடித்துச் செத்தவரை யாரும் சட்டம் ஒழுங்குக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு கோடியில் மேலூர்ப் பக்கத்துச் சட்டவிரோத கிரானைட் குவாரி விவகாரம். 2012-இல் ஆட்சியராக இருந்த சகாயம் அரசுக்கு இழப்பு 16,338 கோடி ரூபாய் இருக்கலாம் என்று எழுதினார். பின்னர் உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமிக்க, 2015-இல் கொடுத்த அறிக்கையில் மதிப்பீடு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. இரண்டும் மதிப்பீடுகள், எது நிரூபணமாகும் என்பது நீதிமன்றத்தின் வேலை. நமக்கு இதில் இரண்டு பாடம். எண்ணிக்கையில் பார்த்தால் ஒரு ஸ்டேஷனின் ஒரு வருடத் திருட்டு வழக்குகளுக்குக்கூட ஈடாகாத சில வழக்குகள் பணத்தில் மாநிலத்தின் எல்லாத் திருட்டையும் விழுங்கிவிடும். அதோடு, எதைச் சேர்க்கிறோம் எதை விடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே இழப்பு ஆறு மடங்கு மாறும், ஆகவே யார் என்ன தொகை சொன்னாலும் எதெது உள்ளே இருக்கிறது என்று கேளுங்கள்.

ஆன்லைன் மோசடி தனி ரகம். 2024-இல் நாடு முழுக்க மக்கள் இழந்ததாகப் பதிவானது 22,845 கோடி ரூபாய். செயின் போல இது ஊருக்குள் கை மாறுவதில்லை, பணம் எங்கோ போய்விடுகிறது. புகார்களில் பெரும்பகுதி எஃப்.ஐ.ஆர். ஆவதும் இல்லை. அதனால் குற்ற விகிதத்தில் இது மெலிந்தே தெரியும். பணம் போன உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு என்பதை இந்தச் சாக்கில் சொல்லிவைக்கிறேன்.

எண்களுக்கு எங்கே போவது? காப்பகத்தின் அறிக்கை இணையத்தில் இலவசம். காவல் துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கும். ஆதாயக் கொலை (பணம், நகைக்காகச் செய்யும் கொலை), கூட்டுக்கொள்ளை, கொள்ளை, கன்னக்களவு, திருட்டு என்று பிரித்து, களவுபோன மதிப்பும் மீட்ட மதிப்பும் அதில் இருக்கும். ஸ்டேஷன் வாரியாக வேண்டுமானால் 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், மாநகரத்துக்குக் கமிஷனர் அலுவலகம், மற்றதற்கு எஸ்.பி. அலுவலகம், 30 நாளில் பதில் வர வேண்டும். "குற்ற விவரம் தருக" என்று மொட்டையாக எழுதினால் மொட்டையாகத்தான் பதில் வரும். வருடம், ஸ்டேஷன், தலைப்பு, களவு மதிப்பு, மீட்ட மதிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அதே மனுவில் அந்த வருடம் எத்தனை சி.எஸ்.ஆர். கொடுத்தார்கள், அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.