கறுப்பியை விட்டுவிட்டு ஊருக்குப் போகும்போது நாம் விடும் தவறுகள்

ஆடி அமாவாசை கழிந்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறிவிட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் பல வீடுகளின் கதவுகளில் பூட்டுத் தொங்கத் தொடங்கும். 25 நாள் திருவிழாவில் தேருக்கும் தீர்த்தத்துக்குமாவது யாழ்ப்பாணத்தில் நிற்க வேண்டும் என்பது எங்கள் வீட்டிலும் மாறாத வழக்கம். எங்கள் நாய் கறுப்பி வந்த பிறகுதான் அந்தப் பயணம் கடினமானது. கொழும்பின் காலி வீதியில் வாகனம் மோதிக் கிடந்தவள் அவள். முதுகெலும்பில் அடிபட்டதால் பின்னங்கால்கள் இரண்டும் இழுபடுகின்றன. தானாகச் சிறுநீர் கழிக்கவும் முடியாது.

முதல் வருடம் அவளை ஒரு காப்பகத்தில் 4 நாள் விட்டுப் போனேன். உணவு, மருந்து, அவளுடைய சக்கர வண்டி எல்லாவற்றையும் கொடுத்தேன். 'ஒரு நாளைக்கு நான்கு தடவை வயிற்றை அமுக்கிச் சிறுநீர் எடுக்க வேண்டும்' என்று சொல்லியும் வைத்தேன். திரும்பி வந்தபோது காய்ச்சலோடு சுருண்டு கிடந்தாள். சிறுநீரில் இரத்தம். அங்கிருந்தவர்கள் அலட்சியமாக இருக்கவில்லை. துணி எப்போதும் ஈரமாக இருந்ததால், அவள் தானாகவே போகிறாள் என்று நினைத்துவிட்டார்கள்.

இந்த வகை நாய்களைப் பராமரிப்பதில் மிக அதிகமாக நடப்பதும் மிகவும் ஆபத்தானதும் இந்தத் தவறுதான் என்று நினைக்கிறேன். சிறுநீர்ப்பை நிரம்பி வழியும்போது கசிவதும் ஈரம்தான். பை காலியாவதால் வருவதும் ஈரம்தான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, கைக்குத்தான் தெரியும். நிரம்பிய பை விரல்களுக்கிடையில் இறுகிய பந்துபோல இருக்கும். எடுத்து முடித்தபின் அந்தப் பந்து கரைந்து போயிருக்க வேண்டும். உள்ளே தேங்கும் சிறுநீரில் கிருமி பெருகும், பை தன் இறுக்கத்தை இழக்கும், கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம்வரை பாதிக்கும். 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எடுக்கச் சொல்லிக் கால்நடை வைத்தியர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

நான் விட்ட தவறு, என் கை அறிந்ததை வாயால் சொன்னது. எந்த இடத்தில் கை வைப்பது, எவ்வளவு அழுத்துவது, அவள் எப்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள் என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க முடியாது. பார்த்துக்கொள்ளப் போகிறவரின் கையை உங்கள் கைக்கு மேல் வைத்து முதலில் பழக்குங்கள். பிறகு அவர் கைக்கு மேல் உங்கள் கை. அதற்கடுத்து நீங்கள் அறைக்கு வெளியே நிற்க அவர் தனியே செய்யட்டும். உள்ளே வந்து பையைத் தொட்டுப் பாருங்கள். எனக்கு இதற்கு 9 நாள் எடுத்தது. பயணத்துக்கு முதல் நாள் மாலையில் செய்கிற வேலை இல்லை இது.

இப்போது கறுப்பியைப் பார்ப்பது எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தளத்தில் இருக்கும் சிங்கள அக்கா. எனக்கு அவர் 'அக்கே', அவருக்கு நான் 'நங்கி', அதாவது தங்கை. ஒரு மாதத்துக்கு முன்பே ஒத்திகை தொடங்கினோம். முதலில் ஒரு பகல், பிறகு ஓர் இரவு, அதற்குப் பின் இரண்டு நாள். தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய்க்கு 'இங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்' என்ற அனுபவம் ஏற்கனவே இருக்கக்கூடும். போனவர்கள் திரும்பி வருவார்கள் என்பதைச் சின்னச் சின்னப் பிரிவுகளால்தான் அதற்குக் கற்றுக்கொடுக்க முடியும். அதன் படுக்கைத் துணியைப் புறப்படும் நாளில் துவைத்துக் கொடுப்பதும் பலர் விடும் தவறு. சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தில், நாய்க்குத் தெரிந்த ஒரே மணத்தையும் கழுவி விடுகிறோம்.

அந்த ஒத்திகையில்தான், நான் கனவிலும் எண்ணாத ஒரு சிக்கல் வெளிப்பட்டது. கறுப்பியை நாங்கள் 'வாடி' என்று கூப்பிட்டுப் பழக்கியிருந்தோம். சிங்களத்தில் 'வாடி வென்ன' என்றால் உட்காரச் சொல்வது. அக்கா பரிவோடு உட்காரச் சொல்லும்போதெல்லாம் இவள் முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு அவரிடம் போனாள். சீமெந்துத் தரையில் உரசி உரசிப் பின்னங்கால் விரல்களில் தோல் கழன்றது. காயத்தைப் பார்த்த பிறகுதான் காரணத்தைக் கண்டுபிடித்தோம். கொழும்பில் நாம் நாயோடு ஒரு மொழி பேசுகிறோம், பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் வேறொரு மொழி பேசுகிறார். நாய்க்குத் தெரிந்த சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். அவற்றை அவர் வாசிக்கும் எழுத்தில் எழுதிக் கொடுங்கள். மருந்து நேரங்களும் அப்படியே. என் முதற்குறிப்பு முழுவதையும் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். அக்கா தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க மாட்டார்.

அடுத்தது, மறைப்பது. 'உண்மையைச் சொன்னால் எடுக்க மாட்டார்கள்' என்ற பயத்தில் கடிக்கும் பழக்கத்தைச் சொல்லாமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வலி இருக்கும் நாய், தொடக்கூடாத இடத்தில் தொட்டால் கடிக்கும். எங்கே தொட்டால் கடிக்கும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அட்டையும் நாயோடு போக வேண்டும். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போகும்போது, அங்கே கேட்கப்படும் கேள்வி அந்த அட்டையைப் பற்றியதாகத்தான் இருக்கும். ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துவிடாது, சில வாரங்கள் வேண்டும். காப்பகம் கேட்கிறதே என்று பயண வாரத்தில் ஓடிப்போய்ப் போடுவதில் பயனில்லை.

வலிப்பு உள்ள நாய் என்றால் கணக்கு இன்னும் இறுக்கமானது. பினோபார்பிட்டோன் போன்ற மருந்தைப் பொதுவாக 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்பார்கள். 'ஒரு வேளைதானே' என்று விட்டுவிட முடியாது. திடீரென்று நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும். வைத்தியரின் சீட்டில்லாமல் அதை வாங்கவும் முடியாது. ஆகவே, போகும் நாட்களுக்கு மேலாக ஒரு வாரத்துக்குரிய மருந்தைக் கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போங்கள். வலிப்பு வந்தால் நம்மவர்கள் இரும்பைத் தேடி ஓடுவார்கள், வாயைத் திறக்கப் பார்ப்பார்கள். இரண்டும் வேண்டாம். நாய் தன் நாக்கை விழுங்காது, உங்கள் விரலைத்தான் கடிக்கும். அருகிலிருக்கும் பொருட்களை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் மறுபடி மறுபடி வந்தாலோ, உடனே வைத்தியரிடம்.

இனி வெடி. தீபாவளிக்கு மட்டும் ஆயத்தப்பட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் கொழும்பு முழுவதும் அதிரும். சித்திரைப் புத்தாண்டில் வருடம் பிறக்கும் நேரத்துக்கும் அடுப்பு மூட்டும் சுபநேரத்துக்கும் ஊரெல்லாம் ஒன்றாக வெடி கொளுத்தும். அந்த நேரங்கள் முன்கூட்டியே பத்திரிகைகளில் வந்துவிடும் என்பதால் அவற்றைக் கடிகார நேரத்தோடு குறிப்பில் எழுதிவிடலாம். அதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே நாய் உள்ளறையில் இருக்க வேண்டும். யன்னல் மூடி, மின்விசிறி ஓடட்டும். அதே நாட்களில் கடைகள் பூட்டியிருக்கும், வைத்தியர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். எந்த மிருக வைத்தியசாலை அன்று திறந்திருக்கும் என்பதைத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்தாமல் புறப்படுவது பெரிய தவறு.

வெயிலையும் சொல்ல வேண்டும். நடக்கும் நாய் நிழலைத் தேடிப் போகும், கறுப்பியால் முடியாது. காலை 9 மணிக்கு நிழலாக இருக்கும் பல்கனி 11 மணிக்கு அடுப்பாகிவிடும். உண்ணியும் அப்படித்தான். பின்பக்கம் உணர்வில்லாததால் சொறியவும் மாட்டாள், காட்டிக்கொடுக்கவும் மாட்டாள். பின்னங்கால் விரலிடுக்குகளைத் தினமும் விரித்துப் பார்க்க வேண்டும். சாப்பிட மறுத்து, பல்முரசு வெளிறி, சிறுநீர் கடுங்கபில நிறமாகப் போனால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது காய்ச்சல்தானே என்று யாரும் பனடோல் கொடுத்துவிடக் கூடாது. மனிதருக்கான வலிமாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். பண்டிகை வீட்டில் கேக்கும் சொக்லேட்டும் முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை) கீழே விழும், அவையும் ஆபத்து.

'ஏதாவது என்றால் எனக்கு அழையுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நல்லூர் வாசலில் அந்த வார்த்தைக்கு என்ன பெறுமதி? ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். கைத்தொலைபேசி வீட்டில் இருக்கும், அல்லது யாரோ ஒருவரின் பைக்குள் சத்தமில்லாமல் கிடக்கும். தேரன்று அரோகராச் சத்தத்தில் மணி அடித்தாலும் கேட்காது. கொழும்பிலேயே முடிவெடுக்கக்கூடிய இரண்டாவது ஆள் ஒருவர் வேண்டும். 'இவருடைய சொல் என் சொல், இவ்வளவு தொகை வரை என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம்' என்று கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை வைத்தியரிடமும் கொடுத்து வையுங்கள். பணம் யார் தருவார் என்ற தயக்கத்தில் ஓர் இரவு போனால், தேங்கிய சிறுநீருக்கு அந்த ஓர் இரவே போதும்.

அக்காவுக்கு ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். நேரம், எவ்வளவு வந்தது, என்ன நிறம், சாப்பிட்டாளா என்று நான்கு கோடுகள்தான். சிங்களத்தில் எழுதுகிறார், நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன்.

போன வருடம் தீர்த்தம் முடிந்து, கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பையோடு அவருடைய கதவைத் தட்டினேன். 'பிரச்சினை ஒன்றும் இல்லைதானே, அக்கே?' என்று கேட்க வாய் வந்தது. மாம்பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு யார்தான் 'இருந்தது' என்று சொல்வார்கள்? அதனால் கொப்பியை விரித்து, 'எந்த நாள் ஆகக் குறைவாக வந்தது?' என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு மூன்றாம் நாளின் மேல் விரலை வைத்தார். 'இரவு, கொஞ்சம்தான் வந்தது நங்கி. மணமும் வேறு மாதிரி.' மறுநாள் காலை முதல் வேலையாகச் சிறுநீரை ஒரு போத்தலில் எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போனோம். கிருமி அப்போதுதான் தொடங்கியிருந்தது.