ஆஃபர் கடிதம் திரும்பப் பெறப்பட்டால் செய்ய வேண்டியவை

ஐந்து சுற்று நேர்காணலும், வீட்டிலிருந்து செய்துதரச் சொன்ன தேர்வும், சம்பளப் பேச்சும் முடிந்து ஆஃபர் கடிதத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. அதன் பிறகு, "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று தொடங்கும் மின்னஞ்சல் மனிதவளத் துறையிலிருந்து வருகிறது. அன்றே பதில் எழுத வேண்டாம். கையெழுத்திட்ட கடிதம், சேரும் தேதி குறித்த செய்திகள், செலவு ரசீதுகள் ஆகியவற்றை ஓரிடத்தில் சேமியுங்கள். நிறுவனத்தின் இணையதளக் கணக்கில் மட்டும் இருக்கும் ஆவணங்களை முதலில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தக் கணக்கு எந்நேரமும் மூடப்படலாம்.

பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டவர்களுக்கு மட்டும் இந்த நிதானம் பொருந்தாது. நோட்டீஸ் காலம் முடியாமல் இருந்தால், அன்றைக்கே மேலாளரிடம் நேரில் பேசி, ராஜினாமாவைத் திரும்பப் பெற விரும்புவதை எழுத்திலும் கொடுங்கள். பெரும்பாலும் இது நிறுவனத்தின் சம்மதத்தைப் பொறுத்தது. உங்கள் இடத்துக்கு வேறொருவரை அமர்த்திய பிறகு அந்தச் சம்மதம் கிடைப்பது அரிது. கூச்சம் இயல்பானதுதான், ஆனால் ஒரு நாள் கூச்சத்துக்காகச் சில மாதச் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

அடுத்த நாள் எழுதும் பதில் சுருக்கமாக இருக்கட்டும். முடிவுக்கான காரணம் என்ன, அது இறுதியானதா, சேரும் தேதியைத் தள்ளிவைக்கவோ வேறு பிரிவில் சேர்க்கவோ வாய்ப்பு உண்டா என்ற மூன்றையும் கேளுங்கள். தொலைபேசியில் விளக்கம் தந்தால், பேசியதை நீங்களே மின்னஞ்சலாக எழுதி, "நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று கேட்டு அனுப்புங்கள். காரணம் தெரியாமல் அடுத்த அடி எடுத்துவைப்பதில் பயனில்லை.

பின்னணிச் சரிபார்ப்பே காரணமென்றால், அறிக்கையின் நகலைக் கேளுங்கள். பழைய நிறுவனத்தில் பணியாற்றிய தேதிகள் ஒத்துப்போகாதது போன்ற பிழைகளைச் சம்பளச் சீட்டும் பணி விடுவிப்புக் கடிதமும் காட்டித் திருத்த முடியும். அமெரிக்காவில், வெளி முகமை தந்த அறிக்கையை வைத்து வேலையை மறுப்பதற்கு முன்பே அதன் நகலை விண்ணப்பதாரருக்கு நிறுவனம் தர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 15ஆம் பிரிவின் கீழ், ஒருவர் தம்மைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவல்களைக் கேட்டுப் பெறலாம்.

பணியிடமே நீக்கப்பட்டிருந்தால் வாதாடி மாற்றுவது கடினம். அங்கே இழப்பீடு கேட்பதே பொருத்தம். கேட்பது முறைகேடு அல்ல. 2022 ஜூனில் கிரிப்டோ நாணய வர்த்தக நிறுவனமான காயின்பேஸ், ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆஃபர்களையும் ரத்துசெய்தபோது, பாதிக்கப்பட்டவர்களுக்குப் பணிநீக்க இழப்பீட்டைப் போன்ற தொகை தருவதாக அறிவித்தது. வீடு மாறிய செலவு, முன்பணம், விட்டுவந்த சம்பளம் ஆகியவற்றைக் கணக்கிட்டு, ஒரே தொகையாக, ரசீதுகளுடன் கேளுங்கள்.

வழக்குத் தொடர்வது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் நிபந்தனையற்ற ஆஃபரை ஏற்றுக்கொண்டாலே ஒப்பந்தம் உருவாகிவிடும், ஆனால் கிடைக்கும் தொகை பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தைத் தாண்டாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் எப்போது வேண்டுமானாலும் வேலையை முடிக்கும் உரிமை இருப்பதால், வாக்குறுதியை நம்பி இழப்புக்கு உள்ளானதைத் தனியே நிறுவ வேண்டியிருக்கும். பாலினம், கர்ப்பம், மதம், உடற்குறை போன்றவை வெளிப்பட்டதும் ஆஃபர் மறைந்ததென்றால், தாமதிக்காமல் வழக்கறிஞரை அணுகுங்கள், ஏனெனில் பாகுபாட்டுப் புகார்களுக்குக் காலவரம்பு உண்டு.

இதற்கிடையே, இந்த ஆஃபருக்காக நீங்கள் மறுத்த நிறுவனங்களுக்கு அந்த வாரமே எழுதுங்கள்: "நான் சேரவிருந்த பணியிடம் நீக்கப்பட்டுவிட்டது, அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் மீண்டும் பேச விரும்புகிறேன்." நேர்காணல் செய்தவர்களில் உங்களை விரும்பியவர் இருந்தால், வேறிடத்துக்குப் பரிந்துரைக்கும்படி அவரிடமே கேட்கலாம், பலருக்கு இந்த முடிவில் உடன்பாடு இருந்திருக்காது. வேலைக்கே சேராததால் சுயவிவரத்தில் எழுத எதுவுமில்லை. அடுத்த நேர்காணலில் கேட்டால் மட்டும் ஒரு வரியில் சொல்லுங்கள், இம்முறை கையெழுத்திடும் முன், நிறைவேறாத நிபந்தனைகள் ஏதேனும் மீதமுள்ளனவா என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே ராஜினாமா கடிதம் கொடுங்கள்.