முன்னாள் படைவீரர் சந்திப்பில் அதிகாரிகளுக்குச் சிறப்பு செய்வது எப்படி?

போன டிசம்பரில் சூலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முன்னாள் படைவீரர் சந்திப்பு நடத்தினோம். அப்பா மதராஸ் ரெஜிமெண்ட்டில் 22 வருசம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ஆட்களைக் கூட்டுவது அவர் பொறுப்பு. பட்டியல், அச்சு, மேடை மூன்றும் என் பொறுப்பு. முப்படைகளிலும் இருந்து ஓய்வுபெற்ற பதினோரு அதிகாரிகளுக்கு அன்றைக்குச் சிறப்பு செய்தோம். மண்டபம், சமையல் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. தேதி

ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள். 1953இல் கரியப்பா இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்றது அன்றைக்குத்தான். ஆனால் நம் பக்கம் அது பொங்கல் நேரம், பட்டியில் மாட்டை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள். டிசம்பர் 16, 1971 போரின் வெற்றி நாள். மார்கழி பிறக்கிற சமயம், முகூர்த்தம் கிடையாது, மண்டபம் சுலபமாகக் கிடைக்கும். அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள்.

2. விவரம் வாங்குவது

கூகுள் ஃபார்ம் அனுப்பாதீர்கள். எண்பது வயதுக்காரர் பேத்தியிடம் போனைக் கொடுப்பார், பேத்தி தனக்குத் தெரிந்ததை நிரப்பும். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் போன் செய்யுங்கள். ஓய்வு பெறும்போது என்ன ரேங்க், எந்தப் படை, எந்த யூனிட், என்னென்ன பதக்கம், பெயரை எப்படி எழுதுவார்கள் என்று கேட்டு எழுதி, திரும்ப அவருக்கே படித்துக் காட்டுங்கள். விமானப்படைக்காரருக்கு வாயு சேனா பதக்கம், கடற்படைக்காரருக்கு நவ் சேனா பதக்கம். எல்லாருக்கும் தரைப்படையின் ‘சேனா பதக்கம்’ என்று போட்டுவிடக் கூடாது.

3. அழைக்கும் வரிசை

நான் தவறியது இங்கேதான். ரேங்கை வைத்து எக்செல்லில் வரிசைப்படுத்தினேன். கர்னல், லெப்டினன்ட் கர்னல், மேஜர், கடைசியில் கேப்டன். பட்டியலில் இருந்த ஒரு கேப்டன் கடற்படைக்காரர் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மேஜர்கள் எல்லாரும் போன பிறகு அவரைக் கூப்பிட்டோம். அமைதியாக வந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார். மேடை ஓரத்தில் அப்பா முகம் மாறிவிட்டது.

“ஏஞ்சாமி, நேவி கேப்டன்னா நம்ம கர்னலுக்குச் சமம்டா.”

பந்தியில் அந்தக் கேப்டன் பக்கத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, “பேனா இருக்குதுங்களா தம்பி?” என்றார். அழைப்பிதழின் பின்பக்கம் கோடு போட்டுத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இது அவர் எழுதியது, தரைப்படை – கடற்படை – விமானப்படை என்ற வரிசையில்:

பிரிகேடியர் – கமடோர் – ஏர் கமடோர்
கர்னல் – கேப்டன் – குரூப் கேப்டன்
லெப்டினன்ட் கர்னல் – கமாண்டர் – விங் கமாண்டர்
மேஜர் – லெப்டினன்ட் கமாண்டர் – ஸ்குவாட்ரன் லீடர்
கேப்டன் – லெப்டினன்ட் – ஃபிளைட் லெப்டினன்ட்

இன்னொன்று. மேஜர் என்பது லெப்டினன்டுக்கு மேல். ஆனால் லெப்டினன்ட் ஜெனரல்தான் மேஜர் ஜெனரலுக்கு மேல். மைக் பிடிக்கிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரே ரேங்கில் இரண்டு பேர் இருந்தால் யார் சீனியர் என்று அவர்களிடமே கேட்டுவிடலாம்.

4. கேடயம்

‘ஓய்வுபெற்ற பிரிகேடியர்’ என்று பொறிக்காதீர்கள். ரேங்க் முன்னால், பெயர் அடுத்து, அதன் பிறகு அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’. ஓய்வு பெறுவது ஆள்தான், ரேங்க் அல்ல என்று படையில் சொல்வார்கள். பொறிக்கிற கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பினால், அவர்கள் பழைய ஃபான்ட்டில் ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பி.டி.எஃப். அனுப்புங்கள், பொறிப்பதற்கு முன் புரூஃப் கேளுங்கள்.

5. மேடை

பளபளக்கும் பாலியஸ்டர் பொன்னாடை எனக்குப் பிடிக்காது, அடுத்த நாளே பீரோவுக்குள் போய்விடும். நாங்கள் சென்னிமலைப் போர்வை போர்த்தினோம். பவானி ஜமக்காளமும் கொடுக்கலாம். முட்டி வலிக்காரரைப் படியேற்றாமல், கேடயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்கள் கீழே இறங்கிப் போங்கள். அவர் செய்த பணியைப் பற்றி நான்கு வரி போதும், ஆனால் மைக்கில் நிதானமாக, தப்பில்லாமல் படிக்க வேண்டும். மேடையில் தேசியக் கொடி, கூட்டத்தைப் பார்த்து நின்று பேசுபவருக்கு வலது கைப்பக்கம் இருக்க வேண்டும். மேசை விரிப்பாகக் கொடியைப் போடக் கூடாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: அதிகாரி காலமாகிவிட்டால் அவர் மனைவியை எப்படி அழைப்பது? எங்கள் பட்டியலில் அப்படி ஓர் அம்மா இருந்தார். ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு நிறுத்தாமல் அவர் பெயரையும் சொல்லுங்கள், கணவரின் ரேங்குக்கு உரிய வரிசையிலேயே கூப்பிடுங்கள். பதக்கம் பெற்றவர் அதை இடது மார்பில் அணிவார். மறைந்தவரின் பதக்கத்தைக் குடும்பத்தார் வலது மார்பில் அணிவது வழக்கம். அந்த அம்மா பதக்கத்தைக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் வைத்திருந்தார், அணியலாமா என்று கேட்கத் தயங்கியிருக்கிறார். அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போதே, “பதக்கத்தைப் போட்டுக்கிட்டு வாங்கம்மா” என்று சொல்லிவிட்டு வாருங்கள்.