பழைய மூணு பேஸ் கார் லிஃப்ட்டை வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டில் ஓட்டப் போகிறீர்களா?

எங்கோ ஒரு சர்வீஸ் ஸ்டேஷனை மூடுகிறார்கள், டூ போஸ்ட் லிஃப்ட் (இரண்டு தூணில் காரைத் தூக்குவது) மலிவாக வருகிறது என்று கேள்விப்பட்டால் வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. பணம் கொடுத்து, லாரியில் ஏற்றி, வீட்டில் இறக்கிய பிறகுதான் மோட்டாரில் ஒயர் இணைக்கும் டெர்மினல் பாக்ஸைத் திறந்தேன். அதை விலை பேசுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

நேம் பிளேட்டில் எத்தனை எச்.பி. என்று எல்லோரும் பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் மூன்று வைண்டிங்குகளை (கம்பிச் சுருள்களை) இணைத்திருப்பது ஸ்டாரா, டெல்டாவா என்பதைத்தான் விட்டுவிடுவார்கள். ஸ்டார் என்றால் மூன்றின் ஒரு முனையும் ஒரே இடத்தில் முடிச்சாகச் சேரும், டெல்டா என்றால் மூன்றும் முக்கோணமாக இணையும். 415 வோல்ட் ஸ்டார் என்றிருந்தால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் கிடைப்பது 240 வோல்ட்தான். வைண்டிங்குகளின் ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் அவற்றை இணைக்கும் லிங்க் தகடுகளை டெல்டாவுக்கு மாற்றி, சிங்கிள் பேஸ் வாங்கி மூணு பேஸ் கொடுக்கும் சாதாரண 230 வோல்ட் டிரைவில் ஓட்டிவிடலாம். மூன்று முனைதான் வெளியே இருக்கிறது என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளே இருக்கிறது. வைண்டிங் கடையில் கொடுத்துப் பிரித்து எடுக்க வேண்டும். 415 வோல்ட் டெல்டா மோட்டார் என்றால் கதையே வேறு. அதற்கு 230 வோல்ட் கொடுத்தால் சுழற்றும் விசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். மோட்டார் உறுமும், கார் எழும்பாது, கொஞ்ச நேரத்தில் வைண்டிங் கருகும். 230-ஐ 415 ஆக்கித் தரும் டிரைவ்களும் உண்டு, ஆனால் விலை கூடுதல்.

இந்த வேலையில் எல்லாம் இறங்குவதற்கு முன்பு, தெருவில் மூணு பேஸ் லைன் போகிறதா என்று பாருங்கள். போகிறது என்றால் மின்வாரியத்தில் விண்ணப்பித்து வீட்டு இணைப்பையே மூணு பேஸாக மாற்றிக்கொள்வதுதான் என் கணக்கில் சிறந்த வழி. ஒன்று மட்டும்: அந்த வீட்டு இணைப்பில் அடுத்தவர் காரைக் காசுக்குப் பழுது பார்க்கக் கூடாது. 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவுப்படி, உரிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டி வரும்.

"கிணற்று மோட்டாருக்குக் கன்டென்சர் போட்டு ஓட்டுகிறோமே, இதற்கும் போடு" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். தண்ணீர் பம்பு தொடங்கும்போது சுமை லேசாக இருக்கும், வேகம் ஏற ஏறத்தான் கூடும். லிஃப்ட்டுக்கு அப்படி இல்லை. பட்டனை அழுத்திய அந்த நொடியிலேயே ஒன்றரை டன் காரின் எடை மோட்டார் மேல் விழுகிறது. கன்டென்சர் போட்ட மோட்டாரிடம் அந்த நேரத்தில் அவ்வளவு பலம் இருக்காது.

சரி, டிரைவ் வாங்கிவிட்டீர்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். லிஃப்ட்டுக்கு வந்த மூன்று ஒயர்களைக் கழற்றி அப்படியே டிரைவின் அவுட்புட்டில் கொடுத்தேன். பழைய பேனலுக்குள் ஒரு சின்ன கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. இரண்டு பேஸிலிருந்து 415 வோல்ட் எடுத்து 24 வோல்ட்டாக்கி, மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் சுவிட்சான கான்டாக்டருக்குக் கொடுப்பது அதன் வேலை. டிரைவிலிருந்து வருவது வெட்டி வெட்டி அனுப்பும் மின்சாரம் என்பதால் அது சூடேறிக் கருகிவிட்டது. கன்ட்ரோலுக்கு வீட்டு லைனிலிருந்து நேராகத் தனி சப்ளை கொடுக்க வேண்டும். லிஃப்ட்டில் மின்காந்த பிரேக்கோ சோலனாய்டு வால்வோ (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) இருந்தால் அதற்கும் அப்படித்தான். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே பழைய கான்டாக்டர்கள் இருக்கவே கூடாது. ஓடும்போது அவை திறந்து மூடினால் டிரைவ் போய்விடும். மேல், கீழ் பட்டன்களையும், எல்லை வந்ததும் மோட்டாரை நிறுத்தும் லிமிட் சுவிட்சுகளையும் டிரைவின் கன்ட்ரோல் முனைகளுக்குக் கொண்டுவாருங்கள்.

2.2 கிலோவாட் டிரைவ், சிங்கிள் பேஸிலிருந்து 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை 16 ஆம்பியர் பிளக்கில் செருகக் கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்) குறைந்தது 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும், தூரம் கூடினால் 6. டிரைவ் போட்டதும், மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று சிலர் அதையே கழற்றி எறிகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஈரத் தரையில், இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யப் போகிறீர்கள். டிரைவுக்கு ஏற்ற வகை ஆர்.சி.சி.பி.யைத் தனியாகப் போடுங்கள், இரண்டு தூணுக்கும் எர்த் கொடுங்கள்.

நேரடி மூணு பேஸில் ஓட்டுபவர்கள் அதிகம் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. லைன் பழுது பார்த்த பிறகு மூன்று பேஸ்களின் வரிசை மாறி வரலாம், மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஸ்க்ரூ (திருகுத் தண்டு) சுற்றித் தூக்கும் லிஃப்ட்டில் அப்போது மேல் பட்டனை அழுத்தினால், காரைத் தாங்கும் லிஃப்ட் கை கீழே இறங்கும். கீழ் லிமிட் சுவிட்ச் துண்டிப்பது கீழ் கான்டாக்டரை மட்டும்தானே? ஓடிக்கொண்டிருப்பது மேல் கான்டாக்டர். ஆக, எல்லையைத் தாண்டியும் மோட்டார் நிற்காது. எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் என்றால் பம்பு தலைகீழாகச் சுற்றிக் கெடும். பேஸ் வரிசை பார்க்கும் ரிலே ஒன்று போட்டால் இந்தக் கவலை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகும் முதல் நாள் காரை ஏற்றாதீர்கள். கார் இல்லாமல் லிஃப்ட்டின் கைகளை மட்டும் மேலும் கீழும் பலமுறை ஓட்டி, இரண்டு லிமிட் சுவிட்சையும் கையால் தட்டிப் பாருங்கள், மோட்டார் நிற்கிறதா என்று. அப்புறம் ஸ்க்ரூ லிஃப்ட் என்றால் சுமை தாங்கும் நட்டுக்கும் பாதுகாப்பு நட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, தயாரிப்பாளர் கொடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் நட்டு தேய்ந்துவிட்டது, புதிது போடும்வரை லிஃப்ட்டின் கீழே யாரும் நிற்கக் கூடாது.