ஜாய்ஸ்டிக் வாங்கும் முன் அதன் வயரைப் பாருங்கள்

மதுரை டவுன் ஹால் ரோட்டில் மலிவாகக் கிடைத்ததே என்று விமானம் ஓட்டும் கணினி விளையாட்டுக்காகப் பழைய ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கி வந்தேன். வீட்டில் பிரித்தால், வயரின் முனையில் 15 ஊசி கொண்ட பழங்காலத்து கேம்போர்ட்! இன்றைய கணினியில் அதைச் செருக இடமே இல்லை. யுஎஸ்பி முனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எதில் விளையாடுகிறீர்கள் என்பது அடுத்தது. லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி ப்ரோ என்ற ஜாய்ஸ்டிக் கணினிக்கு மட்டும்தான். எக்ஸ்பாக்ஸ் கேம் கருவியில் வேலை செய்யாது. த்ரஸ்ட்மாஸ்டர் டி.ஃபிளைட் ஹோட்டாஸ் ஒன் இரண்டிலும் ஓடும், ஆனால் அதன் சுவிட்சைச் சரியான பக்கம் தள்ளியிருக்க வேண்டும். இந்த இரண்டு ஜாய்ஸ்டிக்கிலுமே கைப்பிடியைத் திருகினால், விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டர் அசையும். ஆகவே தொடக்கத்திலேயே ரட்டரைக் காலால் இயக்கும் பெடலுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை.

விளையாட்டைத் திறக்கும் முன் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பகுதியில் ஒவ்வொரு அச்சும் (கைப்பிடி அசையும் திசை) பொத்தானும் அசைகிறதா என்று சோதியுங்கள். கையை எடுத்த பிறகும் விமானம் ஒரு பக்கம் சாய்ந்தால் டெட் ஜோனை, அதாவது கைப்பிடியின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதியை, சிறிது கூட்டுங்கள். அதிகம் கூட்டினால் கைப்பிடி மந்தமாகிவிடும். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தானாகக் குதிக்கிறதா? பக்கத்தில் செருகியிருக்கும் கேம்பேடைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் குற்றவாளி.

பிறகு விளையாட்டில் மதுரை விமான நிலையத்தின் குறியீடான விஓஎம்டியைத் தட்டி, 09 ஓடுபாதையில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். என் முதல் நான்கு முயற்சிகளும் வயலில்தான் முடிந்தன.